ஒரு குடமும் மூன்று வண்டிகளும்

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நான் செய்துகொடுத்த, இரண்டு குடம் பிடிக்கும் தண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா, வாசலில் நிறுத்திவிட்டு என்னை எழுப்பினாள். "இதுல என்னமோ சத்தம் வருது, வந்து பாரு." டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் குடத்து வளையம் பிரேமோடு சேருகிற இடத்தில், வெல்டிங்கை ஒட்டி, ஸ்கொயர் பைப்பில் நகத்தால் கீறினாற்போல ஒரு விரிசல். அளந்தால் 11 மி.மீ. 2019-லிருந்து ஓடுகிற வண்டி, அதனால் கோபம் வரவில்லை.

நான் படித்த பாலிடெக்னிக்கின் பிள்ளைகள் அவ்வப்போது, "அக்கா, புராடக்ட் டிசைனர் ஆகணும்னா எந்த சாப்ட்வேர் கத்துக்கணும்?" என்று கேட்பார்கள். ஒரு சாப்ட்வேர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நேர்மையாகச் சொல்வதென்றால் இந்த வண்டியைக் காட்ட வேண்டும். வண்டிக்கும் முன்னால் ஒரு ஓட்டைக் குடத்தைக் காட்ட வேண்டும். எப்படியும் இந்த ஞாயிற்றுக்கிழமை விரிசலைச் சரிபண்ணப் போகிறோம், அந்தச் சாக்கில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வடசென்னை வியாசர்பாடி என்றால் கால்பந்து, கேரம் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் சந்தில் அதையெல்லாம்விட அதிகமாகக் கேட்டது அடிபம்புச் சத்தம். பம்புக்கு முன்னால் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். குடத்தின் கழுத்தில் நெயில்பாலிஷால் அடையாளம் போட்டிருப்பார்கள். எங்கள் குடத்துக்கு மூன்று புள்ளி.

எனக்கு 13 வயதிருக்கும்போது அந்த மூன்று புள்ளிக் குடம் அடியில் விட்டுப்போனது. கடையில் கேட்டு ஒரு பசை வாங்கி வந்து ஒட்டினேன். காய்ந்ததும் நகத்தால் நெம்பினால் தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. இன்னொரு பசை வாங்கினேன், அதுவும் அப்படியே. குடத்துப் பிளாஸ்டிக் மெழுகு போன்றது, சாதாரணப் பசை எதுவும் அதைப் பிடிக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் ஆயாவின் ஞானம். "ஊதுவத்தில சுட்டா ஒட்டிக்கும்டி." ஊதுவத்திக்குப் பதில் சால்டரிங் அயர்ன் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டேன். புகை வந்தது, பிளாஸ்டிக் பழுப்பானது, ஓட்டை பெரிதானது.

அந்த வாரம் குடத்துக்கு ஒட்டுப் போடுகிறவர் தெருவில் வந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு சின்ன கரி அடுப்பு, தட்டையாக்கிய இரண்டு இரும்புக் கம்பி, ஒரு சாக்கு நிறைய உடைந்த குடத் துண்டுகள். குடத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது, நான் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆணி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி விரிசலின் இரண்டு முனையிலும் 'சுர்' என்று ஒவ்வொரு ஓட்டை போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, இன்னும் ரெண்டு ஓட்டை போட்டுட்டீங்களே!"

"விரிசல் இதுக்கு மேல ஓடாதும்மா. கூரா இருந்தா ஓடும். வட்டமா முடிச்சிட்டா நின்னுடும்."

அதற்கப்புறம் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் அடியில் முக்கோணத்துக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார். 2. எங்கள் குடத்தின் அடியிலும் 2. ஐந்து போட்டிருந்த துண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டு என்றால் ஹெச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக், ஐந்து என்றால் பாலிபுரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக். இரண்டும் தண்ணீரில் மிதக்கும், தொட்டால் ஒரே மாதிரி வழவழக்கும், ஆனால் உருக்கிச் சேர்த்தால் ஒன்றோடொன்று பிணையாது. முதலாவது ஏறக்குறைய 130 டிகிரியில் உருகும், மற்றது 160-க்கு மேல். இந்த எண்களெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அவர் பெயரெல்லாம் சொல்லவில்லை. "ரெண்டுக்கு ரெண்டுதான் ஒட்டும்" என்றார், அவ்வளவுதான். கம்பியைக் குடத்துக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் இளக்கி, கம்பியை உருவிய அதே நொடியில் அழுத்திப் பிடித்தார். நான் துண்டு எதுவும் வைக்காமல் குடத்தை மட்டும் சுட்டிருந்தேன். ஈரத்துணி வைத்து ஆற்றலாமா என்று கேட்டேன். "அவசரப்பட்டா வெடிக்கும். நீ போய் விளையாடிட்டு வா" என்றார்.

அந்தக் குடம் மேலும் நாலு வருஷம் வந்தது.

பத்தாவது முடித்து மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் பெண்கள் மூன்று பேர். லேத்தில் கை பழகியது, டிராயிங்கில் கோடு சுத்தமானது.

2019 ஏப்ரலில் படிப்பு முடிந்தது. அந்தக் கோடை சென்னையில் இருந்தவர்களுக்கு மறக்காது. புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தன. குழாயில் காற்றுதான் வந்தது, அடிபம்பு இருமியது. சந்து முனையில் வைத்த கறுப்பு சின்டெக்ஸ் டேங்கில் லாரி தண்ணி ஊற்றும். டேங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு என் நடையில் 140 அடி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுக் குடம், குடத்துக்கு 15 லிட்டர். அம்மா ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்து எடுத்து வருவாள். இரண்டாம் வாரம் இடது இடுப்பில் கை வைத்தபடியேதான் உட்கார்ந்து எழுந்தாள். கையில் டிப்ளமோ இருக்கிறது, வேலை இல்லை, சித்தப்பாவுக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் வண்டி ஒரே நாளில் செய்தது. 18 மி.மீ. பிளைவுட் பலகை, செம்புதாஸ் தெருவில் வாங்கிய 2 இஞ்ச் காஸ்டர் வீல் நாலு, இழுக்க ஒரு கயிறு. நாலு குடம் ஏற்றலாம், எட்டு நடை இரண்டாகிவிடும் என்று கணக்கு. வீட்டுக்குள் மொசைக் தரையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. சந்தில் பத்தடி போனதும் சாக்கடை மூடியின் விளிம்பில் முட்டி நின்றது. அந்த விளிம்பின் உயரம் 2 செ.மீ.தான். கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். பலகை நின்றது, குடங்கள் வந்தன. அறுபது லிட்டரும் சந்தில் ஓடியது. அந்தக் கோடையில் அறுபது லிட்டரைக் கொட்டியவளை யாரும் திட்டாமல் விடவில்லை. ஆயா மட்டும் திட்டவில்லை. "ரோடு நல்லா இருந்தா உன் வண்டி நல்லா ஓடும்டி" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சக்கரத்தின் ஆரம் 25 மி.மீ., மேடு 20 மி.மீ. அச்சு மேட்டுக்கு மேலே 5 மி.மீ.தான் இருக்கிறது. கிடைமட்டமாக இழுத்து ஏற்ற வேண்டுமானால் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு விசை வேண்டும். அதே மேட்டுக்கு 12 இஞ்ச் சக்கரம் போட்டால் பாரத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். பரீட்சையில் இதே கணக்குக்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத்தாளில் மேட்டுக்குப் பெயர் 'h', சாக்கடை மூடி என்று இருக்கவில்லை.

இரண்டாவது வண்டிக்குக் காயலான் கடையில் குழந்தைகள் சைக்கிளின் 12 இஞ்ச் சக்கரம் ஒரு ஜோடி கிடைத்தது, எடைக்கு. முக்கால் இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் பிரேம். இரண்டு குடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இரண்டு வளையம். சந்தை டேப் வைத்து அளந்தேன், நாலு அடி. வண்டியின் அகலம் 31 இஞ்ச். தாராளம்.

அளந்தது பகல் பதினொரு மணிக்கு. லாரி வருவது காலை ஐந்தரைக்கு. ஐந்தரைக்குச் சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பைக் நிற்கும். மிச்சமிருக்கும் வழி 28 இஞ்ச். புது பெயின்ட் வாசனையோடு வண்டி நாலாவது வீட்டு பல்சருக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றதால் பின்னால் குடத்தோடு வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். அந்தக் கால்மணி நேரத்தை விவரிக்க விரும்பவில்லை.

மூன்றாவது வண்டிக்கு முன்னால் நான்கு நாள் எதுவும் செய்யவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை அம்மா குடம் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்ததே இல்லை. வலது கை கழுத்தைப் பிடிக்கும். இடது முழங்கால் குடத்தின் அடியில் ஒரு உந்து கொடுக்கும். அந்த உந்தலிலேயே குடம் எழும்பி இடுப்பு மடிப்பில் போய் உட்காரும். அதாவது கழுத்து தூக்குவதற்கு, வயிறு இடுப்பில் ஒதுங்குவதற்கு. என் இரண்டாவது வண்டியில் வளையம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. முழங்கால் உந்து அங்கே எட்டாது, கையாலேயே 15 கிலோவைத் தூக்கி வைக்க வேண்டும். வழியில் சிக்கியிராவிட்டாலும் அம்மா அதை இரண்டு நாளில் மூலையில் போட்டிருப்பாள்.

அதனால் மூன்றாவது வண்டியில் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். குடங்கள் ஒன்றின்பின் ஒன்றாக. நடுவில் அச்சு, இரண்டு குடத்து வயிறுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் புகுந்து போகிறது. குடத்தின் அடி தரையிலிருந்து 6 செ.மீ.தான். மொத்த அகலம் 19 இஞ்ச். வளையம் ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச் கம்பி, உள்விட்டம் 26 செ.மீ. குடத்தின் வயிறு 30 செ.மீ. என்பதால் வளையத்தில் அழுந்தி உட்காரும், ஆடாது. இரும்பு உரசிக் குடம் தேயாமலிருக்க வளையத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபைக் கீறிப் போர்த்தினேன். இரண்டு குடமும் அச்சுக்குச் சம தூரத்தில் இருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டும். கைக்கு வருவது கைப்பிடியின் பாரம் மட்டும்தான்.

கைப்பிடி உயரத்தை என் உயரத்துக்கு வைத்துவிட்டேன். நான் ஐந்தடி நாலு, அம்மா நாலடி பத்து. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அம்மாவைப் பட்டறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் வீலில் நறுக்கினார்.

ஓடியது. முதல் நாள் இரண்டு நடை எந்தத் தகராறும் இல்லை. மூன்றாவது நடையில் வாசலில் நிறுத்தி, அம்மா கைக்குப் பக்கத்திலிருந்த பின் குடத்தை முதலில் எடுத்தாள். பாரம் முழுவதும் முன்னால் போய் வண்டி மூக்கு குத்தியது, முன் குடம் வாசற்படியில் கவிழ்ந்தது. "முன்னாடி இருக்கிறத மொதல்ல எடுக்கணும்மா" என்றேன். மறுநாளும் பின் குடத்தைத்தான் எடுத்தாள். யாராக இருந்தாலும் கைக்குக் கிட்டே இருப்பதைத்தான் எடுப்பார்கள். அம்மாவுக்குப் பாடம் நடத்துவதைவிட முன்பக்கத்தில் ஒரு குட்டிக் கால் வைப்பது சுலபம் என்று அன்று சாயங்காலம் வைத்துவிட்டோம்.

தளும்பல் மிச்சமிருந்தது. கழுத்துவரை நிரப்பினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கை தண்ணி வெளியே. ரப்பர் வாஷர் வைத்த மூடி ஒன்று நோட்டில் வரைய ஆரம்பித்தேன், இரண்டு பக்கம் வரைந்தும்விட்டேன். ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஒரு கொத்து வேப்பிலையைக் கழுவி குடத்து வாயில் போட்டாள். இலை மேலே பரவி அலையை அடக்கிவிட்டது. அவள் காலத்தில் கிணற்றுத் தண்ணி எடுத்து வரும்போது இதுதான் வழக்கமாம். அந்த இரண்டு பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எட்டு நடை நாலாகக் குறைந்தது. நான் முதலில் கனவு கண்ட இரண்டு வரவில்லை.

அந்த ஜூலையில் வேலை தேடி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணி ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். என் வண்டியில் 30 லிட்டர். ஜன்னலோரம் நின்று அந்த வேகன்களைப் பார்த்தபடி போனபோது பொறாமையாகக்கூட இருந்தது.

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்துச் சாமான் செய்கிற ஒரு மோல்டிங் கம்பெனியில் இன்டர்வியூ. என் கோப்பில் கல்லூரி புராஜெக்டின் அழகான டிராயிங்குகள் இருந்தன. இன்டர்வியூ எடுத்தவர் நாலு தாளைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் சரி, கையால என்ன செஞ்சிருக்கே?" என்றார். போனில் மூன்று வண்டிகளின் போட்டோவைக் காட்டினேன். இரண்டாவது வண்டி பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி நிற்கும் படத்தில்தான் அதிக நேரம் நின்றார். ஏன் சிக்கியது என்று கேட்டார், சொன்னேன். டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் போய் டிசைனர் வேலை என்றதும் ஆயா, "ஜாக்கெட்டெல்லாம் தைப்பியா?" என்றாள். இன்றுவரை எங்கள் சந்தில் பாதிப் பேர் நான் தையல் வேலை பார்ப்பதாகத்தான் நம்புகிறார்கள்.

தனியாக வரையச் சொல்லிக் கொடுத்த முதல் சாமான் குளியலறை ஜக்கு. உயரம் 14 செ.மீ., சுவர் 2 மி.மீ. கம்ப்யூட்டரில் அருமையாக இருந்தது. பக்கங்கள் நேர்ச் செங்குத்து, வெளியே சொரசொரப்பான டெக்ஸ்சர், உள்ளே பலத்துக்கு விலா, அதாவது விலா எலும்புபோல ஓடும் 2 மி.மீ. தடிப்புள்ள மேடு. அனுபவமுள்ள யாராவது பார்த்திருந்தால் தடுத்திருப்பார்கள். எல்லோரும் வேறு அவசரத்தில் இருந்தார்கள். ட்ரயல் அன்று மெஷின் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார்: "பாப்பா, உன் ஜக்கு வெளிய வர மாட்டேங்குது."

அச்சுக்குள் கவ்விக்கொண்டிருந்தது. அச்சில் கீறல் விழக்கூடாது என்று பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தார். எடுத்த ஜக்கின் பக்கம் முழுக்க உரசல் கோடு. விலா இருந்த இடத்துக்கு நேர் வெளியே அம்மைத் தழும்புபோல ஒரு பள்ளம். தடித்த இடம் மெதுவாக ஆறும், ஆறும்போது சுருங்கி மேல்தோலை உள்ளே இழுக்கும். அதனால் விலா சுவரின் தடிப்பில் பாதி, மிஞ்சினால் அறுபது சதவீதம் இருக்க வேண்டும். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "இட்லித்தட்டுக் குழி செங்குத்தாவா இருக்கு? செங்குத்தா இருந்தா இட்லி வருமா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றரை டிகிரி சரிவு கொடுத்தேன். வாய்ப்பக்கம் 7 மி.மீ. அகன்றது. டெக்ஸ்சரை எடுத்துவிட்டேன், அதை வைத்திருந்தால் இன்னும் சரிவு கேட்கும். வெளி அச்சைத் திருத்தியதில் நல்லவேளை இரும்பைச் செதுக்கி எடுக்கும் வேலைதான். செதுக்கிய இடத்தில் திரும்ப இரும்பு வைப்பது பெரும்பாடு.

அதே கம்பெனியில் பக்கத்து ஷெட்டில் ப்ளோ மோல்டிங். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் நின்று பார்த்தேன். மேலிருந்து சூடான பிளாஸ்டிக் குழாயாக இறங்குகிறது, அச்சின் இரண்டு பாதியும் அதைக் கவ்வுகிறது, காற்று உள்ளே ஊதுகிறது, பலூன்போல விரிந்து அச்சில் ஒட்டுகிறது. எங்கள் குடத்தின் இரண்டு பக்கமும் ஓடும் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து, ஓய்வுபெற்ற மூன்று புள்ளிக் குடத்தை ஹேக்ஸா பிளேடால் நெடுக அறுத்து வெர்னியர் வைத்துச் சுவரின் தடிப்பை அளந்தேன். கழுத்தில் 2.6 மி.மீ., வயிற்றில் ஒன்றரை, அடிமூலை வளைவில் 0.8. பிளாஸ்டிக் அதிகம் இழுபட்ட இடம் அதுதான். எங்கள் தெருவில் எந்தக் குடம் விட்டாலும் அங்கேயே ஏன் விடுகிறது என்பதற்கு ஆறு வருஷம் கழித்து விடை. ஒட்டுப் போட்ட அண்ணனின் பட்டை அந்த மூலையில் 3 மி.மீ. இருந்தது. குடத்திலேயே கெட்டியான இடம் அதுதான்.

ரயிலில் போகும்போது போனில் படித்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1958-ல் இந்திய அரசு கூப்பிட்டு சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நாடு முழுக்கச் சுற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம் எழுந்ததற்கு அதுவே அடிப்படை. இந்தியாவில் பார்த்தவற்றிலேயே அவர்கள் வியந்து பாராட்டியது லோட்டாவை, நம்மூர்ச் செம்பு மாதிரியான பாத்திரம். எவ்வளவு தண்ணி பிடிக்கும், தலையில் எடுப்பதா இடுப்பில் எடுப்பதா, எடுப்பவரின் கை எப்படிப்பட்டது, காலியாகவும் நிறைந்தும் இருக்கும்போது பாரம் எங்கே நிற்கும் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். பெரம்பூர் தாண்டும்போது படித்தேன், வில்லிவாக்கம்வரை தலை நிமிரவில்லை. நான் இரண்டு வண்டியை வீணடித்துக் கண்டுபிடித்த கேள்விகள் 1958-லேயே அச்சாகியிருந்தன. முன்னாலேயே படித்திருந்தால் ஒரு வண்டியாவது மிச்சமாகியிருக்கும். ஒரே மனக்குறை, பாத்திரம் ஓட்டையாகிவிட்டால் யார், எதை வைத்து, எங்கே உட்கார்ந்து சரிபண்ணுவார் என்ற கேள்வியை நான் அந்தப் பட்டியலில் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்தில் டிரெய்னி போய் டிசைனர் என்று விசிட்டிங் கார்டு வந்தது. வாளி, மூடி, மருந்துப்பெட்டி, கூலர் டேங்க் என்று வரைந்துகொண்டிருக்கிறேன். வண்டி பாட்டுக்குத் தண்ணியோடு கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, ஒருமுறை பக்கத்து வீட்டு கிரைண்டர் எல்லாம் சுமந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சந்துக்குள் வந்தபோது மூன்று நாள் தண்ணியில் கிடந்தது. பேரிங் இரண்டையும் மாற்றி, துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தோம். பைப்புக்குள் போன தண்ணியை வடிக்கவில்லை. இப்போதைய விரிசல் அன்றைக்கு ஆரம்பித்ததாகத்தான் இருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சித்தப்பா வெல்டிங் ராடை ஹோல்டரில் மாட்டிக்கொண்டு வந்தார். நேரே வெல்டு வைத்துவிடலாம் என்று அவர் நினைப்பு. "இருங்க சித்தப்பா" என்று கம்பி பிரஷால் பெயின்ட்டை எடுத்து, விரிசல் எங்கே முடிகிறது என்று தேடினேன். வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரிசலுக்குள் நின்ற எண்ணெய் சாக்பீஸில் கசிந்து மெல்லிய கோடாகத் தெரிந்தது. 11 இல்லை, 16 மி.மீ. அந்தக் கோட்டின் முனையில் பஞ்ச் வைத்துத் தட்டி, 3 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போட்டேன். பைப்புக்குள்ளிருந்து பழுப்பாகத் தண்ணி சொட்டியது.

"விரிசல்னு சொல்லிட்டு ஓட்டை போடுற?" என்றார் சித்தப்பா.

வடியட்டும் என்று வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். காய்ந்தபிறகு கிரைண்டரில் பள்ளம் எடுத்து வெல்டு வைத்து, மேலே முக்கோணமாக ஒரு பட்டைத் துண்டும் ஒட்டினார். அடியில் இன்னொரு வடிகால் ஓட்டை. பிரைமர் இன்னும் காயவில்லை. நாளைக்குக் காலை மட்டும் அம்மா இடுப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நான்தான் எடுக்கப் போகிறேன்.